‘கல்பிரிட்’ என்று நான் எழுதிய கடிதம்

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் களவு போய்விட்டது. சாவி பியோன் யோகன் அண்ணனிடம் இருந்ததாம். அதிபருக்கு அது போதும். பொலிசுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். யோகன் அண்ணனின் பெயருக்கு முன்னால் ‘கல்பிரிட்’, அதாவது குற்றவாளி, என்று போடச் சொன்னார்.

“சேர், இன்னும் விசாரிக்கவே இல்லையே. சந்தேகநபர் எண்டு போடுவம்.”

“எல்லாம் ஒண்டுதான் ரீச்சர். ஸ்பெல்லிங் பிழைக்காமல் எழுதுங்கோ.”

எழுதினேன். ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒருவன் ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்றதும், எழுதுவினைஞர் ‘குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்’ என்பாராம். பிரெஞ்சுச் சட்டமொழியில் அந்தப் பதிலை ‘கல். பிரிட்’ என்று சுருக்கி எழுதியதைப் பிற்காலத்தில் ஒரே சொல்லாக வாசித்துவிட்டார்களாம். இல்லை என்றவனுக்கே வைத்த பெயர்! யோகன் அண்ணனுக்கோ இல்லை என்று சொல்லக்கூட ஒருவரும் இடம் கொடுக்கவில்லை.

அதைவிடக் கேவலம், பள்ளிக்கூடத்தில் நான் எழுதி முடித்ததும் அந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, பொலிஸ் ஸ்டேசனில் கொடுக்கச் சொல்லி யோகன் அண்ணனிடமே நீட்டினார் அந்த மனிதர். நான் பக்கத்தில்தான் நின்றேன். சைக்கிளை எடுத்தபடி யோகன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ரீச்சர் எழுதினதோ? அப்ப ஒரு பிழையும் இராது.”

ஓம் என்றேன்.