எண்ணெய் விடாத ஃபூல் மசியல்

இர்பித்
19 ஏப்ரல் 1994

அன்புள்ள இன்ஆம் அக்காவுக்கு,

உன் மீதும் மச்சான் மீதும் குழந்தை நிதால் மீதும் அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும்.

நலம் விசாரிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் எழுதி அனுப்பினேனே, எண்ணெய் விடாத ஃபூல் மசியல், அதை நிதாலுக்குக் கொடுக்காதே. செய்து வைத்திருந்தால் கொட்டிவிடு. பச்சையோ, காய்ந்ததோ, டப்பாவில் வருவதோ, ஃபூல் அவரை எந்த உருவத்திலும் உன் வீட்டுக்குள் வர வேண்டாம். அவன் இன்னும் பால் குடிக்கிறான் என்றால் நீயும் சாப்பிடாதே. ஹம்முஸ் பரவாயில்லை, கொண்டைக்கடலையால் ஒன்றும் வராது. இதனுடன் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த சீட்டு இருக்கிறது. நாளைக்கே அங்குள்ள டாக்டரிடம் காட்டி நிதாலின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல். மீதியை அப்புறம் படி.

மூன்று நாளாக உனக்குப் போன் செய்கிறேன். யாரோ ஒரு பெண் எடுத்து என்னவோ சொல்லி வைத்துவிடுகிறாள். வீடு மாறிய பிறகு புது நம்பரை நீ எழுதவில்லை, முகவரி மட்டும்தான் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் மனைவி உம் ரம்ஸி வியாழக்கிழமை டெட்ராய்ட்டுக்கு விமானம் ஏறுகிறாள். உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இதைத் தருகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு என்னை மன்னித்துவிடு. 'ஹம்முஸில் எள் விழுதுக்குப் பதில் தயிர் விட்டுப் பார்த்தேன், மோசமில்லை. அடுத்து ஃபூல்தான். நான் எதைத் தட்டில் வைத்தாலும் நிதால் விரலை விட்டு நக்கிவிடுகிறான்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து மாஜிதும் நானும் சிரித்தோம். இப்போது அந்த வரி மட்டும் கண்முன் வந்து நிற்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். யஸன் பிறந்து நாற்பது நாளும் நெய்யில் மிதக்கும் கோழியாகவே உள்ளே தள்ளினார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியபோது எண்பத்தாறு கிலோ. மே மாதம் நாத்தனார் கல்யாணம். மாமி வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் எல்லாம், 'லுப்னா கண்ணு, மண்டபத்துல உனக்கு ஒரு நாற்காலி போதுமா, இல்ல ரெண்டு சொல்லி வைக்கட்டுமா?' என்பாள். கேலிதான். ஆனாலும் குளியலறையில் போய் அழுதிருக்கிறேன்.

பத்திரிகையில் வந்த குறிப்பைப் பார்த்து எள் விழுது இல்லாத ஹம்முஸ் செய்தேன். மாஜித் ஒரு வாய் வைத்துவிட்டு, 'இது ஹம்முஸ் இல்லடி, சுவத்துக்குப் பூசுற சுண்ணாம்பு. வாப்பா பாத்தாருன்னா ரெண்டு பேரையும் ஊர விட்டே தொரத்திருவாரு' என்றார். அதன்பின்தான் ஃபூலுக்கு மாறினேன். அதற்கு எலுமிச்சை, பூண்டு, பச்சைமிளகாய், சீரகம் போதும். எண்ணெய் இல்லாவிட்டாலும் தொண்டையில் இறங்கும். ரொட்டிக்குப் பதில் வெள்ளரித் துண்டால் தொட்டுக்கொள்வேன். மார்ச்சில் பச்சைக்காய் வந்ததும் காலையும் இரவும் அதுவே. ஏழு கிலோ குறைந்தது. மாமிகூட, 'இப்பத்தான் எம்மவன் கட்டிட்டு வந்த பொண்ணு கண்ணுக்குத் தெரியிறா' என்றாள். அந்தப் பெருமையில்தான் உனக்கும் எழுதினேன்.

போன வெள்ளி மதியம் யஸனின் துணியை மாற்றும்போது கறுப்புத் தேநீர் கொட்டியது போல் கறை. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மாமி கண்ணூறு என்று சொல்லி திருஷ்டிக்கு நீலமணியைச் சட்டையில் குத்தினாள். சனிக்கிழமை விடிந்தபோது அவன் உதடு காகிதம் போல் வெளுத்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை. நான்கு மாதக் குழந்தை அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அக்கா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நஜ்வா அவன் இமையை இழுத்துப் பார்த்த உடனே, 'ஃபூல் குடுத்தீங்களா?' என்று கேட்டாள். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. 'பல்லே மொளைக்காத புள்ளைக்கு ஃபூல் எங்கருந்து குடுக்குறது டாக்டர்? தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு உள்ள போகல' என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, 'நீங்க என்ன சாப்பிட்டீங்க?' என்றாள். சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஃபூல் சில பிள்ளைகளின் ரத்தத்தை உடைத்துவிடும் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஒவ்வொரு வசந்தத்திலும் யார் வீட்டுப் பையனாவது படுப்பான். நான்கு வருடம் உயிரியல் படித்து, பரீட்சையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள் நான். ஆனால் நாம் எல்லாரும் பயப்படுவது, ஃபூலைத் தானே தின்கிற பிள்ளையைப் பார்த்துத்தான். மடியில் கிடக்கிறவனுக்குப் பால் வழியே போகும் என்று எனக்கும் தோன்றவில்லை, மாமிக்கும் தோன்றவில்லை.

இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். இன்று மூத்திரம் தெளிந்திருக்கிறது. மஞ்சள் இன்னும் இறங்கவில்லை. என் பாலை நிறுத்தி புட்டிப்பால் தரச் சொன்னார்கள். அவன் ரப்பரைத் துப்பிவிட்டு என் சட்டையைத் தேடுகிறான். 'இன்னும் ரெண்டு நாள் போகட்டும்மா, அப்புறம் சொல்றேன்' என்கிறாள் டாக்டர். அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று உம்மா சொல்லியிருக்கிறாள்.

இது தாய் வழியாக மகனுக்கு வருவது என்று டாக்டர் விளக்கினாள். உம்மா பக்கத்தில் இருந்தாள். 'உங்க குடும்பத்துல சின்ன வயசுல தவறிப்போன ஆம்பளப் புள்ள உண்டா?' என்று அவளிடம் கேட்டாள். உம்மா நமக்குப் பாடமாகிவிட்ட அதே வார்த்தைகளைச் சொன்னாள். 'ஒருத்தன் இருந்தான். அது வேற கதை டாக்டர். அக்காக்காரி இடுப்புலேர்ந்து படியில போட்டுட்டா. உள்ள அடிபட்டு ரத்தமா மூத்திரம் போனான். மூணு நாளு.' டாக்டர், 'எந்த மாசம்?' என்றாள். 'ஏப்ரல்.' 'கண்ணு மஞ்சளா இருந்துச்சா?' உம்மா யஸனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். 'பச்ச ஃபூல் சாப்பிட்டிருந்தானா?' டாக்டர் குரலைத் தாழ்த்தி, 'இத்தன வருஷம் கழிச்சு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா விழுந்ததுனால போன மாதிரி எனக்குத் தெரியல' என்றாள்.

வெளியே பெஞ்சில் உம்மா நெடுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'அந்த ஃபூலையும் இன்ஆம்தான் குடுத்திருப்பா. வேற யாரு?' என்றாள். 'இதெல்லாம் அவளுக்கு எழுதிட்டு இருக்காத. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அவ புருஷன், புள்ளைன்னு நிம்மதியா இருக்கா' என்றாள். அந்த நேரம் பார்த்து நம் தெருக்காரி ஒருத்தி, 'உம் நிதால், பேரனுக்கு எப்படியிருக்கு?' என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நிதாலின் தாய் என்ற அந்தப் பெயருக்கு உம்மா எப்போதும் போல நிமிர்ந்து பதில் சொன்னாள். தம்பி மண்ணுக்குள் போன பிறகும் ஊர் அவளை வேறு பெயரில் அழைத்ததில்லை. நீயும் உன் மகனுக்கு அதே பெயரை வைத்தாய். ஏன் வைத்தாய் என்று நாங்கள் யாரும் உன்னிடம் கேட்கவில்லை.

அக்கா, நீ கொடுக்கவில்லை. அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எனக்கு ஜுரம் என்று வீட்டில் வைத்திருந்தார்கள். உம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரவுச் சமையலுக்கு வாங்கிய பச்சை ஃபூல் கூடை அடுக்களை வாசலில் இருந்தது. நான் ஒவ்வொன்றாக உரித்து, உப்பில் தொட்டு, அவன் வாயில் வைத்தேன். 'இன்னும் லுப்பு, இன்னும்' என்றான். பாதிக் கூடை தீர்ந்தது. அடி விழும் என்று தோலையெல்லாம் அடுப்புக்குப் பின்னால் ஒளித்தேன்.

நீ அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்கியது மறுநாள் மாலை. 'அவன் முன்னாடியே துவண்டு போயிருந்தான் உம்மா, கையிலேர்ந்து நழுவிட்டான்' என்று நீ கதறியது எனக்கு நினைவிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நீ சொன்னதுதான் உண்மை. அவன் விழுந்ததால் துவளவில்லை. துவண்டதால்தான் விழுந்தான்.

அப்போது எனக்கு ஆறு வயது. ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது இருபத்தெட்டு. பெஞ்சில் உம்மா உன் பெயரைச் சொன்னபோது அடுப்புக்குப் பின்னால் கிடந்த தோல்கள் என் கண்முன் இருந்தன. நான் வாய் திறக்கவில்லை. உள்ளே யஸனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, அவள் கை என் தோளில் இருந்தது, அதை எடுத்துவிடுவாளோ என்று பயம்.

யஸனை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே அவளிடம் சொல்லிவிடுவேன். அல்லாஹ் அவனை என் மடியில் திருப்பித் தர வேண்டும் என்று துஆ செய்.

சோதனை முடிவு வந்ததும் எழுது. நிதால் நன்றாக இருக்கிறான் என்ற ஒரு வரி போதும். என் பெயருக்கு எழுத உனக்கு மனம் வராவிட்டால் மாஜித் பெயருக்கு எழுது. உன் மகன் நீண்ட நாள் வாழ்ந்து, முதுமையில் உன்னைக் கைபிடித்துப் படி இறக்கட்டும்.

சமையல் குறிப்பு எழுதியிருந்த பழைய தாளைக் கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. என்றாவது நீ இந்த வாசலுக்கு வந்து நிற்கும்போது நான் மாற்றிப் பேசினாலும், உம்மா நம்ப மறுத்தாலும், எடுத்துக் காட்ட உன் கையில் என் கையெழுத்து இருக்கட்டும்.

உன் தங்கை,
லுப்னா