நாகப்பன் ஓடவில்லை

12 மார்ச் 2024
மழை விடவில்லை. வீட்டுக்காரர் சிரில் மோட்டார் சைக்கிளில் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விட்டார். அடுப்பருகே அவர் சட்டைகள் காய்கின்றன.

13 மார்ச்
ஈப்போ மருத்துவமனையில் எழுதுகிறேன். கோலா தெர்லா வளைவில் காய்கறி லோரி அவரை இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. கண் திறந்தார், என்னைத் தெரிகிறது. ஆண்டவரே, போதும்.

15 மார்ச்
தப்பு சிரில் மேல்தானாம், லோரி முதலாளி சொல்கிறார். பார்த்தவர் ஒருவர்தான் – அதே லோரியில் மூட்டை ஏற்றும் நாகப்பன், தேனிக்காரர். அவரும் தோள் உடைந்து பக்கத்து வார்டில் கிடக்கிறார். டிரைவர் ஓடியிருக்கிறான். வேலை பெர்மிட் முடிந்த இவர் ஓடாமல், போலீஸ் வரும்வரை மழையில் சிரிலோடு உட்கார்ந்திருக்கிறார்.

போய்ப் பார்த்தேன்.

"லோரிதான்க்கா நடுக்கோட்டத் தாண்டுச்சு. போலீஸ்லயும் அதான் சொன்னேன்."

"உங்க மொதலாளி?"

"வாய மூடிக்கிட்டா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்புறேன்னாரு. தோள் வலிக்குது, அப்புறம் பேசலாம்னுட்டேன்."

சிரிக்கிறார். இந்த நிலையிலும்.

2 ஏப்ரல்
நாகப்பனை வார்டிலிருந்து நேராகக் குடிநுழைவுத்துறை கொண்டுபோய்விட்டது. உண்மையச் சொன்னவர் உள்ள, ஓடினவன் வெளிய. என்ன நியாயம் இது?

4 ஏப்ரல்
வழக்கறிஞர் தர்மாவைப் பார்த்தேன்.

"பெர்மிட் இல்லாதது ஒரு கேஸ், சோஃபியா. லோரி இடிச்சது வேற கேஸ். அடிபட்டவருக்கு நஷ்டஈடு கேக்க உரிமை இருக்கு. சாட்சியும் அவர்தான்னு சொல்லி, கேஸ் முடியிற வரைக்கும் ஸ்பெஷல் பாஸ் கேப்போம். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உத்தரவாதத்துக்கு உள்ளூர் ஆள் வேணும்."

"நான் இருக்கேன்லா."

யோசிக்காமல் வந்துவிட்டது. இப்போது யோசித்தாலும் அதேதான் சொல்வேன்.

20 மே
பாஸ் கிடைத்தது. வேலை செய்யக்கூடாது, தங்கலாம். எங்கள் முன்னறையில்தான் தங்கியிருக்கிறார்.

3 ஜூன்
ஒருவரால் நடக்க முடியாது, இன்னொருவரால் வலது கையைத் தூக்க முடியாது. இருவருமாகச் சேர்ந்து சாம்பார் வைத்திருக்கிறார்கள். உப்பு அதிகம். ரெண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

14 பிப்ரவரி 2025
நீதிமன்றம். எதிர்த்தரப்பு வக்கீல் மலாயில் மடக்கினார்: பெர்மிட்டே இல்லாத ஆளை எப்படி நம்புவது?

நாகப்பன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "ஆமாங்கய்யா, பெர்மிட் இல்ல. கண்ணு இருக்கு."

நீதிபதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது.

9 ஏப்ரல்
தப்பு லோரி மேல்தான் என்று தீர்ப்பு. நாகப்பனுக்கும் நஷ்டஈடு உண்டு. ஆனால் கேஸ் முடிந்ததால் பாஸும் முடிகிறது. அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். திரும்பி வருவதற்கும் தடை. தர்மா எவ்வளவோ பேசிப் பார்த்தார்.

22 ஏப்ரல்
விமான நிலையத்தில் கேட்டே விட்டேன். "அன்னிக்கு ஏன் தம்பி ஓடல?"

"ஓடத்தான்க்கா எழுந்தேன். அண்ணன் என் கையப் புடிச்சிருந்தாரு. எப்படி உருவுறது?"

சிரிலுக்கு அது நினைவே இல்லை. ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, வரிசை நகரும்வரை நாகப்பனின் தோளைத் தடவிக்கொண்டே நின்றார்.