கேஸ் வரும், வாங்கி வையுங்கள்

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்றும் வசந்தாவுக்கு ஒரு பொட்டலம் வந்தது. இந்த மாதத்தில் மூன்றாவது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. காதருகே வைத்துக் குலுக்கினேன். உதிர்ந்த பற்களைப் போட்டு வைத்ததுபோல உள்ளே ஏதோ கலகலத்தது. மேலே சீன எழுத்து. ஆங்கில எழுத்தாக இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

"என்னம்மா அது?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"சுவிட்ச் மாமா," என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் எல்லா சுவிட்சும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

எனக்கு எழுதத் தெரியாது. நான் பகலில் போய்வரும் முதியோர் நிலையத்தில் வேலை பார்க்கும் அமலா என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். நான் பேசினால் அது எழுதிவிடும். ஆனால் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினால்தான் ஒழுங்காக எழுதுமாம். ஐம்பது வருடமாக வானொலி கேட்டவனுக்கு அது கஷ்டமில்லை. ஞாபகத்துக்காக இதைச் செய்யவில்லை. ஞாபகம் என்னிடம் இருக்கிறது. 1971-இல் துறைமுகக் கிடங்கின் எந்த மூலையில் எத்தனை மூட்டை அடுக்கினோம் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் படிக்காதவனின் ஞாபகத்தை எந்த அலுவலகம் ஏற்கிறது? தாள் எங்கே என்பார்கள். நாளைக்கு ஒன்று நடந்தால் என்னிடமும் தாள் இருக்க வேண்டும்.

அதனால் முறையாகவே சொல்கிறேன். என் பெயர் சின்னத்தம்பி, வயது எண்பத்தொன்று. வசந்தகுமாரி என் மருமகள். என் மகன் சேதுபதி இறந்தது 14 மே 2022, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. இந்தக் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடு இப்போது எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. என் பக்கம் கட்டைவிரல், அவள் பக்கம் கையெழுத்து. பதினாறாம் நாள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஜொகூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து, "வீட்ட வித்துட்டு எங்களோட வந்துடு," என்றார். "பிறகு பேசலாம்ணே," என்றாள். முடியாது என்று சொல்லவில்லை. நான் அடுப்படியில்தான் நின்றிருந்தேன்.

அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


10 ஜூலை, வியாழன்

வந்துவிட்டது.

போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருப்பவன் பெயர் திலீப். நான் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன். என் காதில் விழுந்தது விழுந்தபடி:

"ஃபுல்லா எனக்கு எதுக்கு திலீப்? சிக்ஸ்டி பெர்சென்ட் போதும்."

"இல்ல இல்ல, ஸ்ப்ளிட்தான். ரெண்டா பிரிச்சாத்தான் எனக்கு நிம்மதி."

"கேஸ் எப்ப வரும்? இந்த மாசத்துக்குள்ள முடிச்சிடணும் லா."

பெர்சென்ட் எனக்குத் தெரியும். எண்களும் தெரியும். அவளுக்கு அறுபது என்றால் மீதி நாற்பது எனக்கு. நாற்பதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? ஸ்ப்ளிட் என்ற சொல்லும் தெரியும், கிடங்கில் மூட்டை பிரிந்துபோனால் வெள்ளைக்காரத் துரை அதைச் சொல்லித்தான் கத்துவார். கேஸ் தெரியாதவன் உலகத்திலேயே இல்லை.


12 ஜூலை, சனி

அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் அறைக்குள் போனேன். தவறுதான். போனேன்.

மேசைமேல் ஒரு தாள். பென்சிலால் நீளமாக ஒரு பெட்டி வரைந்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள். எண்ணினேன், அறுபத்து நான்கு. மேலே 60% என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

எங்கள் மாடியின் வரைபடம். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் வீடுகள். ஆனால் எங்கள் மாடியில் அறுபத்து நான்கு வீடு கிடையாதே? அப்படியென்றால் முழு பிளாக். இதில் என் வீடு எந்தக் கட்டம்?


13 ஜூலை, ஞாயிறு

தேக்காவுக்குப் போய் ஒலி முகம்மதுவைப் பார்த்தேன். கிடங்கில் என்னோடு முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். தேநீரை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பெர்சென்ட் பேச ஆரம்பிச்சிட்டாங்களா? அப்ப லாயர் பிடிச்சாச்சு லா."

"திலீப்னு ஒருத்தன் பாய்."

"அவன்தான் லாயர். பேரக் கேட்டாலே தெரியலயா?"

"பேர்ல என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும். நல்லா கேட்டுக்க. கேஸ் கடுதாசி வந்தா கையில வாங்காதே. வாங்கிட்டா மாட்டினே. எங்க மச்சான் கதவையே தொறக்கல. பதினோரு மாசம் தள்ளிப் போச்சு."

"பதினோரு மாசம் கழிச்சு?"

"தோத்துட்டான். அத விடு. பதினோரு மாசம் லா!"


15 ஜூலை, செவ்வாய்

தோசை வார்க்கும்போது கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அப்படி நின்றால் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் அறையிலிருந்து தைல வாசம் வேறு. தலைவலிக்கும் அளவுக்கு யோசனை.


21 ஜூலை, திங்கள்

எவ்வளவு தைரியம் இவளுக்கு!

வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, கருவேப்பிலை வாங்கச் சொல்வதுபோலச் சொல்கிறாள்: "மாமா, நாளைக்கு கேஸ் வரும். நான் வேலைல இருப்பேன். சைன் பண்ணி வாங்கி வைங்க. சும்மா ஒரு கிறுக்கு கிறுக்கினா போதும்."

எனக்கு எதிரான கேஸை நானே கிறுக்கி வாங்க வேண்டுமாம். பதினேழு வருடம் இந்த வீட்டில் இருக்கிறாள். ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்படி அமைதியாக இருக்கிறவர்களைத்தான் நம்பக்கூடாதா? எனக்குத் தெரியவில்லை.


22 ஜூலை, செவ்வாய்

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. கம்பிக் கதவைத் திறக்கவில்லை. வந்தவர் மலாய்க்காரர், மரியாதையானவர். கையில் ஒரு பெட்டி. கேஸ் என்றால் கடிதமாகத்தானே வரும்? தாள் அவ்வளவு அதிகமா?

"தா மாவு," என்றேன், வேண்டாம் என்று. பெட்டியில் எழுதியிருந்த பெயரைக் காட்டினார். மறுபடியும் வேண்டாம் என்றேன். "பாலேக்?" என்று கேட்டார், திருப்பி அனுப்பவா என்று. "பாலேக்," என்றேன்.

பெட்டியின் மேல் அனுப்பியவர் எண்கள் இருந்தன. கதவு எண், அதன் கீழே ஆறு எண் கொண்ட தபால் எண். பார்த்து வைத்துக்கொண்டேன். லாயர் வீடு எங்கே என்று தெரிந்திருப்பது நல்லது.


23 ஜூலை, புதன்

இதை எப்படிச் சொல்வது. செய்தி வாசிக்கிற மாதிரி இன்றைக்கு வராது.

நேற்று வேலை முடிந்து வந்ததும் கேட்டாள், "கேஸ் வந்துச்சா மாமா?"

"வந்துச்சு. வாங்கல. திருப்பி அனுப்பிட்டேன்."

"ஐயோ, ஏன்?"

"ஏனா? கோர்ட்டுக்குப் போறதுன்னா நேரா சொல்லிட்டுப் போ வசந்தா. எனக்கு எதிரா வர்ற கேஸ எங்கிட்டயே கையெழுத்து வாங்கறியே, அடுக்குமா உனக்கு?"

வாயைத் திறந்தபடி நின்றாள். "உங்களுக்கு எதிராவா? மாமா, அது பிளாஸ்டிக்!"

"என்ன பிளாஸ்டிக்?"

அறைக்குள் ஓடி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். கூடத்து மேசையில் பரப்பினாள். கீபோர்டு. கணினியில் தட்டுகிற பலகை. அதைக் கடையில் முழுதாக வாங்காமல் துண்டு துண்டாக வாங்கித் தானே கோக்கிறாளாம். கலகலத்த பற்கள்தான் சுவிட்ச், ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒன்று, விரலால் அழுத்தினால் பலகையில் உட்கார்ந்துகொள்ளும். அறுபது பெர்சென்ட் என்பது அளவு. எண் கட்டைகள், அம்புக்குறி எல்லாம் இல்லாத சின்னப் பலகை. ஸ்ப்ளிட் என்றால் அதையே இரண்டு பாதியாகப் பிரித்து, கைக்கு ஒன்றாகத் தள்ளி வைத்துக்கொள்வது. இவையெல்லாம் உட்காரும் டப்பாவுக்குப் பெயர் கேஸ்.

"ரெடியா விக்கிறது நமக்குக் கட்டாது மாமா. புதுசா கத்துக்கிறவங்க இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. திலீப் சொல்லித் தர்றார்."

"இது எதுக்கு உனக்கு?"

வலது மணிக்கட்டைக் காட்டினாள். வீங்கியிருந்தது. கிளினிக் கவுன்ட்டரில் நாள் முழுவதும் தட்டித் தட்டி, பிப்ரவரியிலிருந்தே இப்படியாம். தைலம் அதற்குத்தான். கரண்டியை மாற்றியதும் அதற்குத்தான்.

பிறகு நான் என்ன நினைத்தேன் என்பது அவளுக்கு முழுதாகப் புரிந்தது. சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த வரைபடத்தை எடுத்து, "இது நம்ம பிளாக்கா மாமா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் என்னைப் பத்தி இதத்தான் நினைச்சிட்டு இருந்தீங்களா?"

பதினாறாம் நாள் அவள் அண்ணனிடம் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். எனக்கு வேறு என்ன இருக்கிறது சொல்ல?

"அத்தனை பேர் முன்னாடி முடியாதுன்னு சொன்னா அண்ணனுக்கு அசிங்கம்னு அப்படிச் சொன்னேன். கீழ கார் வரைக்கும் கூடப் போய் முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க அடுப்படி வரைக்கும்தான் கேட்டீங்க."

சாமான்களை அள்ளிக்கொண்டு அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. திறந்தபடியே படுத்தாள். சாத்தியிருந்தால் தேவலை.


24 ஜூலை, வியாழன்

அமலாவிடம் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். எல்லாம் எனக்கு எதிரான சாட்சி.


26 ஜூலை, சனி

வசந்தா பேசுகிறாள். "சோறு இருக்கு." "மாத்திரை போட்டாச்சா." அவ்வளவுதான்.

பெட்டி திலீப்பிடமே திரும்பிப் போய்விட்டதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி டாக்சி பிடித்தேன். ஆறு எண்ணைச் சொன்னேன். இங்கே ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித் தபால் எண், ஊர்ப் பெயர்கூட டாக்சிக்காரர் கேட்கவில்லை. தோ பாயோவில் ஒரு பிளாக்கின் வாசலில் இறக்கிவிட்டார்.

திலீப்புக்கு முப்பது வயது இருக்கும். பஸ் பணிமனையில் மெக்கானிக். நான் யார், எதற்கு வந்தேன் என்று மறைக்காமல் சொன்னேன்.

"அங்கிள், நான் லாயரா? இத எங்கம்மாகிட்ட ஒரு தடவ சொல்லுங்களேன், ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

அவர் மேசை முழுவதும் பலகைகள். ஒரு சின்னக் கட்டையில் ஒன்பது விதமான சுவிட்சைப் பதித்து வைத்திருந்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று டக்கென்று சத்தம் போட்டது. ஒன்று பாதி வழியில் முட்டி நின்று பிறகு இறங்கியது. ஒன்று வெண்ணெயில் போனதுபோலப் போனது.

"வசந்தா வாங்கினது எது?"

சத்தம் போட்டதைக் காட்டினார். "அக்கா சவுண்ட் பிடிச்சு வாங்கிட்டாங்க. பிகினர்ஸ் எல்லாரும் ஃபர்ஸ்ட் அதான் வாங்குவாங்க."

அழுத்தினேன். மூட்டை தூக்கிய விரலுக்கே தெரிந்தது அதன் விறைப்பு. "இத ஒரு நாளைக்கு எத்தனை தடவ அமுக்குவா?"

"முப்பதாயிரம், நாப்பதாயிரம் இருக்கும் அங்கிள்."

ஒன்பதையும் சுண்டுவிரலால் மறுபடி மறுபடி அழுத்தினேன். திலீப் நடுவில் ஒரு மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். கடைசியில் ஆறாவதில் நிறுத்தினேன். நகம் பட்டாலே இறங்கியது.

"ஓகே லா, நல்ல சாய்ஸ். இதான் கம்மி வெயிட். பிடிக்கலேன்னா கழட்டி மாத்திக்கலாம், சோல்டரிங் ஒண்ணும் வேணாம்."

இரண்டு பை நிறைய எடுத்துக்கொண்டேன். பெட்டிக்கு அவர் கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.


27 ஜூலை, ஞாயிறு

பெட்டியையும் பைகளையும் அவள் மேசையில் வைத்தேன்.

"தோ பாயோவுக்கா போனீங்க? தனியாவா?"

"ம்."

ஒரு சுவிட்சை எடுத்துச் சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.


2 ஆகஸ்ட், சனி

கோத்து முடித்துவிட்டாள். இரண்டு பாதி, நடுவில் ஒரு முழம் இடைவெளி. சத்தம் மழைத்தூறல் மாதிரி இருக்கிறது. பேச்சு இன்னும் சோறும் மாத்திரையும்தான்.


8 ஆகஸ்ட், வெள்ளி

வேலை முடிந்து பையோடு நின்றாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன் மாமா. ரெண்டு நாள். குழம்பு ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.


9 ஆகஸ்ட், சனி

தேசிய தினம். தலைக்கு மேல் விமானங்கள் இரைந்தன. அவள் அறை வாசலில் நின்று பார்த்தேன், உள்ளே போகவில்லை. மேசை காலி. கீபோர்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

இரண்டு நாள் விருந்துக்குப் போகிறவளுக்குக் கீபோர்டு எதற்கு?


10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆறு மணி ஆயிற்று. ஏழு ஆயிற்று. ஜொகூர்ப் பாலத்தில் நெரிசல் என்று வானொலி சொன்னது. அதையும் நான் நம்பவில்லை.

எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. வியர்த்துப்போய் நின்றாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. அவள் செருப்பைக் கழற்றும்வரை கூட என்னால் பொறுக்க முடியவில்லை. நேராகக் கேட்டேன்.

"வீட்ட விக்கச் சொன்னாரா உன் அண்ணன்?"

"சொன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"மாமாவும் வந்தா நானும் வரேன்னு சொன்னேன். வர்றீங்களா?"

"ஜொகூருக்கா? நான் எங்கயும் வரல."

"தெரியும். அதனாலதான் அப்படிச் சொன்னேன்." செருப்பைக் காலாலேயே ஓரம் தள்ளினாள். "கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போன கீபோர்டையும் சுமந்துட்டு மூணு மணி நேரம் பஸ்ல நின்னுட்டே வந்திருக்கேன். கோர்ட்ல நிக்க வச்ச மாதிரி வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேக்கறீங்க. இதப் பிடிங்க, கனமா இருக்கு."

கையிலிருந்த பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.