சரசு அழித்து எழுதிய ரத்தக் கணக்கு

என் கண்ணு சரசுவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இதற்குள் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் போர்டைக்கூட மாற்றி எழுதியாகிவிட்டது. இப்படி உனக்குச் சொல்ல எவ்வளவோ சேதி இருக்கிறது. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சேதியை நீ சொல்லாமலே போய்விட்டாய்.

சிதம்பரத்தில் நாம் பி.யு.சி. படித்த வருஷம் நினைவிருக்கிறதா? டைபாய்டில் எனக்கு ஒரு வருஷம் வீணானதால் இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு. நான் பெரியம்மா மகள், நீ சின்னம்மா மகள் என்று ஹாஸ்டலில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. தவளை அறுப்பது என் வேலை, பாரம்பரியக் கணக்கு உன் வேலை. நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று கட்டம் போட்டாலே எனக்குத் தலை சுற்றும். நீ ஊர்க்கதை பேசிக்கொண்டே போட்டு முடிப்பாய், ஒன்றுகூடத் தப்பாகாது.

அவரவர் குடும்பத்து ரத்தப் பிரிவை வைத்து ரிக்கார்டு நோட்டில் ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் எனக்கு பி. அப்பாவின் ஆபரேஷனுக்கு அம்மாதான் ரத்தம் கொடுத்தாள், இரண்டு பேருக்கும் ஓ என்று டாக்டர் சொன்னார் என்றேன். நீ கட்டம் போட்டாய். நாலு கட்டத்திலும் ஓ. பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாய். பிறகு ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தாய்.

"டாக்டர் சொன்னத நீ சரியாக் கேக்கலக்கா. ஓ ரத்தம் யாருக்கு வேணா ஏறும். பெரியப்பாவுக்கு பி-யாத்தான் இருக்கும்."

நான் நம்பினேன். கணக்கில் உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அதே பாடம் நடத்தினேன். இரண்டு ஓ சேர்ந்தால் பி பிறக்காது என்று என் கையாலேயே போர்டில் எழுதினேன். மறுநாள் வகுப்பில் சொந்தக் குடும்பத்தையே உதாரணம் காட்டலாம் என்று அம்மாவின் பீரோவில் அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தேன். அப்பாவுக்கும் ஓ, அம்மாவுக்கும் ஓ.

சீட்டை நீட்டினேன். அம்மா மழுப்பவில்லை.

"பத்து வருஷமா எனக்குப் புள்ள இல்லடி. எந்தங்கச்சி தலைச்சனப் பெத்து எம்மடியில போட்டா. நம்ம ஜனத்துல நடக்காததா? காலேஜ்லேர்ந்து வந்த ஒடனே சரசு வந்து கேட்டுச்சு. நாந்தான் சத்தியம் வாங்கிக்கினேன்."

ஆக, சின்னம்மா பெற்ற மூத்த பெண் நான். நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எட்டு வருஷமாக இது உனக்குத் தெரியும்.

அம்மாவை மன்னித்துவிடுவேன், சரசு. என்னை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். உனக்கு என்ன பயம்? சின்னம்மாவின் பாசத்தில் எனக்குப் பங்கு வந்துவிடும் என்றா? தீபாவளிக்கு என் தலையில் எண்ணெய் வைத்தால் அவள் கையை எடுக்கவே மாட்டாள். எண்ணெய் தீர்ந்துவிடும் சின்னம்மா என்று நான் கேலி செய்தால் நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாயே!

போன வருஷம் அவள் செத்துக் கிடந்தபோது, பெற்ற பெண் முதலில் வாய்க்கரிசி போடட்டும் என்றார்கள். நீ போனாய். ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பங்காளி வீட்டுப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு நாள் நீ சொல்லியிருந்தால் அவளை ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டிருப்பேன். அதற்குக்கூட விடவில்லையே, பாவி.

உன் மகள் மல்லிகாவை உன் வீட்டுக்காரர் எங்களிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நேற்று அம்மா அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என்னைக் காட்டி, "அம்மா சொல்லு, அம்மா" என்று பழக்கினாள்.

"ரெண்டு வயசுதான, மறந்துடும். ஒனக்கும் கல்யாணமாகி அஞ்சு வருஷமாப் புள்ள இல்ல. யாரு சொல்லப் போறா?"

குழந்தை சொல்லிவிட்டது. ஒரு கணம் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு 'பெரியம்மா' என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் மல்லிகாவை நான்தான் வளர்ப்பேன், இது சத்தியம். பெற்றவள் யார் என்று தெரிந்தே அவள் வளர்வாள். அம்மா என்று உன் போட்டோவைப் பார்த்து மட்டும்தான் கூப்பிடுவாள்.

உன் கூடப்பிறந்த அக்கா,
வசந்தா