உறவு: தாய்மாமன்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நூலகப் படிப்பையும் கணினிப் படிப்பையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். போன வாரம் ஒரு பழைய கடிதக் கட்டைக் கணினியில் ஏற்றினேன். எல்லாமே ‘அன்புள்ள மாமா’ என்று தொடங்கியதால், உறவு என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘தாய்மாமன்’ என்று போட்டுவிட்டேன். கட்டைக் கொடுத்த அம்மாள் நேற்று வந்து திரையைப் பார்த்தார்.

“அது எங்க அப்பா. எங்கம்மா அவருக்கு எழுதினது. நீ உன் வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிடுவே?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

குளிர் அதிகம். உங்கள் போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கடிதத்தின் ஓரத்தில் ‘கணவருக்கு’ என்று எழுதி வையுங்கள். என்னைப் போல் ஒருத்தி கையில் சிக்கினால் நம்மைப் பிரித்துவிடுவாள்.

உங்கள் மனைவி