ரம் நிறத்து டீ

திருப்பதி
9 ஏப்ரல் 2025

அம்மாவுக்குப் பவன்குமார் வணக்கத்துடன் எழுதுவது.

குடியை நிறுத்தும் இந்த மையத்துக்கு வந்து இன்றோடு முப்பத்தொரு நாள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதம் மட்டும் எழுதலாம். கை நடுங்குகிறது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னியுங்கள். டிரம்ஸ் அடித்த கை, தண்ணீர் டம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

பெற்ற உங்களையும் எங்களையும் விட்டுக் கமலக்கண்ணன் போய் ஜூன் பதினாலோடு ஒரு வருஷம். அன்றைக்குத் திருப்பதியில் நம் 'கொரிவி' பேண்டு மறுபடி மேடை ஏறவேண்டும் என்று கிதார் ஹரிபாபு வந்து சொன்னான். கமல் செய்கிற மாதிரியே, கடைசிப் பாட்டின்போது முழு ரம் பாட்டிலையும் நான் ஒரே மூச்சில் கவிழ்க்கவேண்டுமாம். அவனுக்குச் செய்கிற மரியாதை அதுதானாம். ஒரு மனசு சரி என்கிறது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

இன்னொன்று. பத்து மாதமாக உங்கள் முகத்தைப் பார்க்காமல் ஓடினேன். அவன் போன அன்றைக்கு அந்தப் பாட்டிலை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

உங்கள்
பவன்

*

சித்தூர்
17 ஏப்ரல் 2025

நைனா பவனுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே காரம் போடுவார்களா? நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். தப்பு இருந்தால் சிரிக்காதே.

நீ வாங்கினது எனக்குத் தெரியும். வண்டி டிரைவர் அன்றைக்கே சொல்லிவிட்டான். கோபம் வரும் என்று நானும் பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஜூஸ் பேக்டரியில் என்னோடு வேலை செய்கிற வெங்கடலட்சுமி கேட்கிறாள், "இன்னாக்கா, கல்லாட்டம் கீற?" என்று. தோத்தாபுரி மாங்காய் நறுக்கினால் பால் பட்டு விரல் வெந்துபோகும். அவன் போன பத்தாம் நாள் கத்தியைப் பிடித்தேன். சீசன் முடிகிற வரைக்கும் எரியவே இல்லை.

பையன்கள் இன்னும் வருகிறார்கள். கடப்பாவிலிருந்துகூட வருகிறார்கள். வாசல் படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு அவன் பனியன் ஒன்று கேட்கிறார்கள். ஒருத்தன் நெஞ்சில் பிளேடால் கீறிக் கமல் பேரை எழுதியிருக்கிறான். மஞ்சள் வைத்து அனுப்பினேன். நீங்கள் லாட்ஜில் டிவியை உடைத்ததும், கமல் மாடியிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டு கட்டோடு மேடையில் கத்தினதும் அவர்களுக்கு மனப்பாடம். கொரிவி என்று பேர் வைத்தபோதே கேட்டேன், கொள்ளிக்கட்டையை யாராவது பேராக வைப்பார்களா என்று. நீங்கள் மூணு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடிக்கிறவன் என்று அந்தப் பையன்கள் கண் விரியச் சொல்கிறார்கள். ரெண்டு வருஷமாக அது ரம் இல்லை என்று உங்களையும் என்னையும் விட்டால் யாருக்குத் தெரியும்? கல்லீரல் வீங்கிவிட்டது, இனி ஒரு சொட்டு கூடாது என்று வேலூரில் டாக்டர் சொன்னார். "பாட்டில் இல்லன்னா ஜனம் வராதும்மா" என்றான் இவன். "அப்போ நான் டீ காச்சி ஊத்தித் தர்றன், அத்தக் குடி" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷோவுக்கும் பால் இல்லாத டீ, அதே ரம் பாட்டிலில். தூள் மிதக்காமல் வேட்டித் துணியில் ரெண்டு தரம் வடிகட்டுவேன். ஜனம் "எத்து, எத்து" என்று தெலுங்கில் கத்தும், தூக்கு தூக்கு என்று. என் பிள்ளை என் டீயைத் தூக்கிக் குடிப்பான்.

ஷோ விஷயம் பிறகு எழுதுகிறேன். நீ ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு வண்டியில் பையைத் திறந்து, பாட்டில் காலி என்று பார்த்தபோது அவன் என்னைப் பற்றி என்ன சொன்னான்? திட்டியிருந்தாலும் அப்படியே எழுது.

அம்மா

*

திருப்பதி
29 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு,

திட்டவில்லை. ஷோவுக்குப் போகிற வழியில் மத்தியானம் தடாவில் வண்டி நின்றபோது பையைத் திறந்தான். கழுவி மூடி போட்ட காலி பாட்டில். கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "மறந்துட்ச்சிடா அம்மா. சீசன்ல டபுள் ஷிப்டு, கை ஓஞ்சி பூட்டிருக்கும்" என்றான். "போன் பண்ணட்டா?" என்றேன். "வேணாண்டா. மறந்துட்டமேன்னு அழுதுகினு குந்தினு இருக்கும்" என்றான்.

ஒரு டீக்கடையில் போய்ப் பால் ஊற்றாமல் போட்டுக் கொடு என்று கேட்டிருக்கலாம். எனக்கே அன்றைக்குக் குடிக்க ஆசை. எதிரிலேயே ஒயின் ஷாப். "ஒரு நாளுதானே மச்சான்" என்றேன். ரெண்டு வாங்கினேன், ஒன்று எனக்கு. மேடையில் மூடியைத் திருகும்போது கமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் டிரம்ஸ் அடிப்பதை நிறுத்தியிருந்தால் பாட்டு நின்றிருக்கும். நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

உங்களைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான் அம்மா. இப்போது கை கொஞ்சம் நிற்கிறது. ஹரி போஸ்டர் அடித்துவிட்டானாம். நான் போகட்டுமா, வேண்டாமா?

பவன்

*

சித்தூர்
12 மே 2025

நைனா பவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் அரிசி டப்பாவில் வைத்திருந்தேன்.

நான் மறக்கவில்லை. முந்தின நாள் அவன் வாந்தியில் ரத்தம். துண்டில் துடைத்துச் சுருட்டித் துவைக்கிற துணிக்கு அடியில் வைத்திருந்தான். "போவாதடா" என்றேன். "நான் போவலன்னா கொரிவியே இல்லம்மா" என்றான். டீ காய்ச்சி ஊற்றியாகிவிட்டது. அவன் குளிக்கப் போனபோது சாக்கடையில் கொட்டினேன். பாட்டிலைக் கழுவி மூடி போட்டுப் பைக்குள் வைத்தேன். டீ இல்லையென்றால் ஷோ இல்லை, பாதி வழியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். ஊருக்கு ஊர் கடை இருக்கிறது என்று தோன்றவே இல்லை. ரெண்டு வருஷம் நான் காய்ச்சினதைத்தானே குடித்தான். ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து உட்கார்ந்திருந்தேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறான். திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹரிபாபு போஸ்டரோடு வந்தான். "மேடையில அது டீன்னு சொல்லிடுங்கப்பா" என்றேன்.

"ஆன்ட்டி, அவன் லெஜெண்டு. டீ குடிச்சான்னு சொன்னா மானம் பூடும்."

"ரத்தம் கக்கினு செத்தானே, அதுல பூடலயா?"

நான் கொடுத்த டீயைக் குடித்தான். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

நீ கேட்டதற்குப் பதில்: போகாதே. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் மைக்கில் கமல் குடித்தது டீ என்று சொல்லு. அந்தப் பிளேடு பையனுக்குப் பதினெட்டு வயசுகூட இருக்காது. அதுவும் முடியாது என்றால் என்னிடம் வா. நான் காய்ச்சித் தருகிறேன், அதைக் குடி. இந்தத் தடவை கொட்டமாட்டேன்.

அம்மா

*

சித்தூர்
23 ஜூன் 2025

பவன்குமாருக்கு ரத்னம்மா எழுதுவது.

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. மையத்துக்குப் போன் செய்தால், எட்டாம் தேதியே ஹரிபாபு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். அதனால் இதை ஹரிபாபு விலாசத்துக்குப் போடுகிறேன்.

பதினாலாம் தேதி நீ வருவாய் என்று மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். பிறகு டீயைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு நானே திருப்பதி பஸ் ஏறினேன். சாயங்காலம் ஷோ நடக்கிற இடத்துக் கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தான்.

"பாட்டில் உள்ள எட்த்துக்கினு போவக்கூடாதும்மா."

"இது டீ பா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்று சிரித்தான்.

கமலோட அம்மா என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பான். சொல்லவில்லை. அங்கேயே ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே "எத்து, எத்து" என்று சத்தம் கேட்டது. பிறகு ஒரே கைதட்டல். பாட்டிலை மதில் ஓரம் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெங்கடலட்சுமி செல்போனில் உன் வீடியோவைக் காட்டினாள். அவளிடம் மட்டும் டீ விஷயம் சொல்லியிருந்தேன். "இதுவும் டீதானேக்கா?" என்றாள். "டீதான்" என்றேன். டீயைக் கவிழ்த்தால் பாட்டில் கழுத்தில் நுரை கட்டும். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். நுரை இல்லை. நீ மைக்கில் ஒன்றும் சொல்லவும் இல்லை.

அடுத்த ஷோ பெங்களூரில் என்று போட்டிருக்கிறதாம்.

நான் கோபத்தில் எழுதவில்லை. ஒரு தடவை சவக்கிடங்கு வாசலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். உனக்காக இன்னொரு தடவை எனக்கு யாரும் ஆள் அனுப்ப வேண்டாம். குடியை விட்டுவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்றும் நீ எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன்.

ரத்னம்மா