பரணில் காய்ந்த மோட்டார்

இன்று காலை மலையில் எங்கள் வாழவந்தி நாட்டிலிருந்து ஒருவர் பழுதான மோட்டாரை டூவீலரில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மழையில் நனைய வேண்டாமே என்று அதை அடுப்படியில் வைத்திருந்தாராம். மூடியைக் கழற்றியதும் விறகுப் புகை வாசம் குப்பென்று அடித்தது. கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டேன். "ஏனுங்க, ரொம்பக் கெட்டுப்போச்சுங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லீங்க, என் சிநேகிதி ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் மனுஷன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பார். சாயங்காலம் வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திருச்சியிலிருந்து உன் மகள் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. புகை வாசம் அடித்ததும்தான் உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது.

தொண்ணூற்றொன்பதில் நாம் இரண்டு பேரும் ராசிபுரத்தில் மோட்டாருக்குள் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பயிற்சி முடித்தோம். வகுப்பில் பெண்கள் என்றால் நீயும் நானும்தான். நான் மலைக்காரி, நீ பேளுக்குறிச்சியில் பெயிண்டும் பைப்பும் விற்கிற கடைக்காரர் மகள். முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ ஓடிப்போயிட மாட்டியே? நீ ஓடுனா எங்க அத்தா என்னையும் நிறுத்திருவாரு" என்றாய். உனக்காக இல்லாவிட்டாலும், நம்மைப் பார்த்ததும் சுளித்துக்கொண்ட வாத்தியாரின் முகத்துக்காகவாவது ஓடக்கூடாது என்று நான் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தேன்.

படிப்பு முடிந்தது. வேலைதான் கிடைக்கவில்லை. எங்கள் அப்பா தை வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் வேலை அமையாவிட்டால் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டப் போக வேண்டியதுதான். உன் அத்தா கோபப்படாமல் நிதானமாகவே சொல்லிவிட்டார்: "வேலை கெடச்சாப் போ கண்ணு, நான் தடுக்கல. கெடைக்கலேன்னா மாப்பிள்ளை ஊட்டுக்குப் பதில் சொல்லணும்." அந்த நிதானத்தை எதிர்த்துச் சண்டை போட முடியவில்லையே என்றுதான் நீ அதிகம் புலம்பினாய்.

ராசிபுரம், பேளுக்குறிச்சி, நாமக்கல் என்று ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினோம். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அனுபவம் இருக்குதா அம்மிணி?" இல்லை என்றால், "எங்கியாச்சும் ரெண்டு வருசம் வேலை பாத்துட்டு வாங்க." அந்த எங்கேயாவது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இல்லை என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நீ பொரிந்து தள்ளினாய். "வேலை குடுத்தாத்தானடி அனுபவம் வரும்? அதென்ன வாந்தியா, தானா வர்றதுக்கு?" சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துக்கொண்டது. அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் மலையேறிப் போனவள் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

அடுத்த சந்தை நாளில் நீ ஒரு யோசனையோடு வந்தாய். "இனிமே எவன்கிட்டயும் வேலை கேக்க வேண்டாம். மோட்டார் கேப்போம்."

முள்ளுக்குறிச்சிப் பக்கம் ஒரு கடை. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிற அண்ணன் ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். நீதான் பேசினாய். "ஏனுங்கண்ணா, ஆகாதுன்னு தூக்கிப் போட்ட மோட்டார் ஒண்ணு குடுங்க. கட்டிக் கொண்டாரோம். ஓடுனா வேலை குடுங்க. ஓடலேன்னா உங்களுக்கென்ன நட்டம், அது முன்னாடியே ஓடாததுதானே?" அவர் காயில் கருகி மூலையில் கிடந்த ஒரு மோட்டாரைக் காலால் தள்ளிக் காட்டி, "எடுத்துட்டுப் போங்க, எடமாவது மிச்சமாகும்" என்றார்.

உங்கள் வீட்டில் வைத்துக் கட்டினால் உன் அண்ணன் சத்தம் போடுவான். அதனால் சாக்கில் கட்டி மலை பஸ்ஸில் ஏற்றினோம். என்ன மூட்டை என்று கண்டக்டர் கேட்டதற்கு, பலாப்பழம் என்று நீ கூசாமல் சொன்னாய். "ஐப்பசில எந்த மரத்துலீங்க பலாப்பழம்?" என்று அவர் கேட்டதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வாழவந்தி நாடு வரும் வரைக்கும் நீ ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

எங்கள் வீட்டில் கருகிய கம்பியை வெட்டி எடுத்து, கம்பி இறங்குகிற காடியைச் சுரண்டி, கரண்டு கசியாமல் இருக்கப் பேப்பர் வைத்தோம். உன் அத்தா கடை மூலம் வரவழைத்த புதுக் கம்பியில் நீ காயில் சுற்றினாய், நான் ஒவ்வொன்றாகக் காடிக்குள் இறக்கினேன். உன் கை என் கையைவிடச் சுத்தம். நான் இறக்கியதில் இரண்டைப் பிடிக்கவில்லை என்று பிடுங்கி எறிந்தாய். அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. மறுநாள் அந்த இரண்டையும் மறுபடி இறக்கினேன். நீ சொன்னதுதான் சரி.

எல்லாம் முடிந்து வார்னிஷ் ஊற்றியபோதுதான் வந்தது வினை. அந்த வார்னிஷ் நன்றாகக் காய வேண்டும். கடைகளில் அதற்குச் சூட்டுப் பெட்டி உண்டு. இல்லாதவர்கள் வெயிலில் வைப்பார்கள். மலையில் ஐப்பசி மாசம் வெயிலுக்கு எங்கே போவது? மூட்டம் வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. தொட்டால் விரல் ஒட்டியது. வாரம் முடிவதற்குள் கொண்டுவருவோம் என்று அந்த அண்ணனிடம் நீ வேறு வாக்குக் கொடுத்திருந்தாய்.

எங்கள் அம்மாதான் வழி சொன்னது. "பரண்ல வெய்யி சாமி. வெதச்சாமையே அங்கதான் காயுது, இது காயாதா?" அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில், விதை மூட்டைகளுக்கு நடுவில், நம் மோட்டார் ஏறி உட்கார்ந்தது. வார்னிஷ் தீப்பிடிக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் சுடர் எழாமல் தணலாகவே வைத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். இரண்டாம் நாள் இறக்கினால் கல் மாதிரி காய்ந்திருந்தது. ஆனால் கன்னங்கரேல் என்று இருந்தது. அத்தனை கரியும் ஈர வார்னிஷில் ஒட்டியிருந்தது. மலையில் பிறந்தவளுக்கு அடுப்புப் பரணில் கரி படியும் என்று தெரியாதா? தெரியும். விதைக்குக் கரி நல்லது என்றுதான் தெரியும். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். துணியால் துடைக்கத் துடைக்கப் பளபளப்புத்தான் ஏறியது.

அப்படியே கொண்டுபோனோம். அந்த அண்ணன் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "எரிஞ்சதை எரிஞ்ச மாதிரியே கொண்டாந்திருக்கீங்களே அம்மிணி!" கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. நீ சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "எரிஞ்ச கம்பி சுரண்டுனாக் கருப்பாப் பொடியும். சுரண்டிப் பாருங்கண்ணா" என்றாய். கத்தி முனையால் ஒரு நுனியைச் சுரண்டினார். உள்ளே புதுச் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. அவர் சிரிப்பு நின்றது.

அடுத்து பல்பு வைத்துப் பார்த்தார். ஒரு வயரைக் காயிலிலும் ஒன்றை இரும்பு உடம்பிலும் வைப்பார்கள். பல்பு எரிந்தால் கரண்டு கசிகிறது, வேலை வீண். பிடித்திருந்த கரி முழுக்க எனக்கு அப்போது கரண்டு கம்பியாகத் தெரிந்தது. என் மணிக்கட்டை நீ நெரித்த நெரிப்பில் வளையல் உடைந்தது. பல்பு எரியவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் பம்போடு மாட்டி ஓட விட்டார். தொட்டித் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது, கடை முழுக்கப் புகை வாசம் அடித்தது, மோட்டார் சாயங்காலம் வரைக்கும் நிற்கவே இல்லை.

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "வேலை சுத்தமாத்தான் இருக்குது. ஆனா இங்க ஒரு ஆளுக்குத்தான் எடமிருக்குது. உங்கள்ல வேலை கேட்டு வந்தது யாரு?"

நான் மூச்சு இழுப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "இவதானுங்க. நான் சும்மா தொணைக்கு வந்தவ."

பஸ் ஸ்டாண்டில் உன்னோடு நான் போட்ட சண்டையை அந்த ஊரே பார்த்தது. நீ அசையவில்லை. "ரெண்டு பேரும் வாயத் தொறந்திருந்தா மனுசன் யோசிக்க ஆரம்பிச்சிருப்பாரு. யோசிச்சாக் குடுக்க மாட்டாரு. மொதல்ல ஒருத்தி உள்ள போவோம், அப்புறம் இன்னொருத்திக்குப் பாக்கலாம்" என்றாய். அந்த அப்புறம் வருவதற்குள் உன் கல்யாணம் வந்துவிட்டது. மருதாணிக் கையோடு என்னைத் தனியே இழுத்துப் போய், கடைக்கு வந்திருந்த ஒரு மோட்டார் என்ன ஆயிற்று என்று விசாரித்தவள் நீ. திருச்சிக்குப் போன பிறகும் உன் தெருவில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும் உன்னிடம்தான் வந்ததாம். உன் மகள் பெருமையாகச் சொன்னாள். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வயிறும் எரிந்தது. உன் கைக்கு மிக்ஸி எந்த மூலைக்கு?

அந்த அண்ணன் வயதாகி ஓய்ந்ததும் கடை என் கைக்கு வந்தது. யாராவது வந்து என் வேலையைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு நீ சொன்ன பொய்தான் காதில் விழுகிறது. நீ உயிரோடு இருந்தவரை நேரில் சொல்ல விடவில்லை, பேச்சை மாற்றிவிடுவாய். இப்போது மாற்ற முடியாது, கேள். நீ துணைக்கு வந்தவள் இல்லை. என்னைப் போலவே வேலை கேட்டு வந்தவள். கிடைத்த வேலையில் பாதி உன்னுடையது. அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். கை ஓடுகிற வரைக்கும் செய்வேன்.